குளத்தைச் சுற்றாத ரயில்

ரயிலில் ஏற வேண்டுமென்றால் எங்களுக்கு ஒன்று திருநெல்வேலிக்குப் போக வேண்டும், இல்லையென்றால் திருவனந்தபுரத்துக்குப் போக வேண்டும். நாகர்கோவிலில் பிறந்து நாகர்கோவிலில் செத்தவர்களில் பாதிப்பேர் ரயில் என்ற ஒன்றைக் கண்ணால் பார்க்காமலேயே போய்ச் சேர்ந்தவர்கள். அந்தக் காலத்தில் என் அத்தான் வடசேரியிலிருந்து கோட்டாறு வரைக்கும், ஊருக்குள்ளேயே, நாலு ரயில் ஸ்டேஷன் வைத்திருந்தார். வடசேரிச் சந்தை, மணிமேடை, மீனாட்சிபுரம், கோட்டாறு. இடலாக்குடியில் ஐந்தாவது ஒன்று வேண்டுமா வேண்டாமா என்பது அவருடைய கவலை. இந்த மனுஷனை எந்த நேரத்தில் யார் வந்து பிடித்துக்கொண்டு போவார்களோ என்பது என் கவலை.

அத்தான் என்றால் என் அக்காளின் புருஷன். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போன பிறகு நான் வடசேரியில் அக்காள் வீட்டுக்கு வந்துவிட்டேன். அஞ்சாம் கிளாஸோடு பள்ளிக்கூடமும் நின்றது. அதனால் உலகத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பெரும்பங்கு அந்த வீட்டு அடுக்களையில் இருந்துகொண்டு கேட்டதுதான். அந்த அடுக்களை வழியாகத்தான் ரயில் போவதாக இருந்தது.

அத்தான் ஆள் ஒல்லி, நல்ல உயரம். ஒரு தனியார் பஸ் கம்பெனியின் ஷெட்டில் டிக்கெட் கொடுக்கிற வேலை. நடக்கும்போது பார்க்க வேண்டும். வழியில் மழைத்தண்ணீர் தேங்கிக் கிடந்தால் எல்லோரும் ஒதுங்கிப் போவார்கள், இவர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடுவில் இறங்கி நேராக நடப்பார். கேட்டால் ஒரே பதில்தான். "வளைஞ்சா வேகம் போச்சு."

அவருக்கு இந்தக் கிறுக்குப் பிடித்தது மதராஸில். அவருடைய சித்தப்பாவுக்குக் கண்ணில் புரை. ஆபரேஷனுக்காக இவர்தான் கூட்டிக்கொண்டு போனார். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டு அவிழ்க்கிற வரைக்கும் சும்மா இருக்க வேண்டிய நாட்களில், கண்ணைக் கட்டிய சித்தப்பாவைக் கையைப் பிடித்துக்கொண்டு பீச் ஸ்டேஷனிலிருந்து தாம்பரத்துக்கும் தாம்பரத்திலிருந்து பீச்சுக்கும் மின்சார ரயிலில் கொண்டுபோய்க் கொண்டுவந்திருக்கிறார். சித்தப்பா ஊருக்கு வந்து எல்லோரிடமும் சொல்லி அழுதார்.

"கண்ணக் கெட்டிப்போட்டு எனக்குப் பட்டணத்தச் சுத்திக் காட்டினான் பாவி. சத்தம் மட்டும் கேட்டுது. அவன் பக்கத்துல இருந்துக்கிட்டு, சித்தப்பா இன்னா ஒரு ஸ்டேஷன், சித்தப்பா இன்னா ஒரு ஸ்டேஷன்னு எண்ணுதான்."

ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்குப் போக ரயில் இருப்பது பெரிய விஷயமில்லை, ஊருக்குள்ளேயே இந்தத் தெருவிலிருந்து அந்தத் தெருவுக்குப் போக ரயில் இருக்கிறதே, அதுதான் பட்டணம் என்று அத்தானுக்குத் தோன்றிவிட்டது. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகத் திருநெல்வேலிக்கு ஒரு பாதை, திருவட்டாறு பக்கம் ஒரு கிளை என்றெல்லாம் அவர் மனதில் இருந்தது உண்மைதான். ஆனால் அவையெல்லாம் பிறகு. முதலில் வடசேரி–கோட்டாறு. அதற்கப்புறம் சுசீந்திரம் வழியாக நேரே கன்னியாகுமரி. சோற்றுக்கு உலையே வைக்காமல் பாயசத்துக்கு முந்திரி பொறுக்குவது மாதிரி.

பஸ் ஷெட்டில் அவர் செய்த காரியத்தைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். அப்போது கரி போட்டு ஓட்டுகிற பஸ்கள் இன்னும் ஒன்றிரண்டு மிச்சமிருந்தன. பின்பக்கம் உலையில் கரியைப் போட்டு ஒருவன் துருத்திச் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருப்பான். பஸ் உயிர் பெறுகிறவரை ஜனங்கள் உள்ளே வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அப்போது இவர் டிக்கெட்டைக் கொடுத்துக்கொண்டே சொல்வாராம்: "ரெயிலு மட்டும் இருந்தா நீரு இன்னேரம் சுசீந்திரம் தாண்டியிருப்பீரு."

முதலாளி ஒருநாள் வீட்டுக்கே வந்துவிட்டார். அக்காளைப் பார்த்து, "தங்கச்சி, உன் மொகத்துக்காகத்தான் இவன வச்சிருக்கேன். எனக்க பஸ்ஸுல டிக்கெட் கிழிச்சுக்கிட்டு ரெயிலுக்கு ஆள் பிடிக்கான்" என்றார்.

வேலை போகப்போகிறது என்றே நினைத்தேன். அக்காள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். அத்தான் அவருக்கு ஒரு செம்பில் மோர் கொண்டுவந்து கொடுத்தார். முதலாளி குடித்துக் கொஞ்சம் இறங்கி வந்த நேரம் பார்த்து, மிகுந்த மரியாதையாகக் கேட்டார்:

"மொதலாளி, உங்க ஷெட்டு நிக்க எடந்தான் வடசேரி ஸ்டேஷனு. அத எப்பம் ஒழிச்சுத் தருவிய?"

அன்றைக்கு வேலை போகாதது எந்தச் சாமி புண்ணியமோ. முதலாளி செம்பைக் கீழே வைத்துவிட்டு, "இவனுக்குக் கோட்டி முத்திப்போச்சு, பாவம், பாத்துக்கோ" என்று அக்காளிடம் தணிந்த குரலில் சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அவர் எங்கள் வீட்டுக்கு வரவேயில்லை.

வீட்டுக்குள் நாங்கள் பட்ட பாடு வேறு. காலையில் தண்ணீர் கோரப் போனால் கிணற்றில் கயிறு இருக்காது. வாளி மட்டும் கிணற்றுச் சுவரில் கவிழ்ந்து கிடக்கும். கயிறு மணிமேடையில் இருக்கும், அல்லது மீனாட்சிபுரத்தில் இருக்கும், ஒரு முனையில் கல்லும் மறுமுனையில் அத்தானுமாக. ஸ்டேஷனுக்கும் ஸ்டேஷனுக்கும் இடையே எவ்வளவு தூரம் இருக்க வேண்டும் என்பதற்கு அவர் ஒரு கணக்கு வைத்திருந்தார். வெற்றிலையை மடித்து வாயில் போட்டு நடக்கத் தொடங்க வேண்டும், சாறு இறங்கித் துப்புகிற இடம் அடுத்த ஸ்டேஷன். அதற்குமேல் ஜனங்கள் நடக்க மாட்டார்களாம். அக்காள் சொல்வாள், "ஊரெல்லாம் துப்பி வச்சிருக்காரு, அதுல எது ஸ்டேஷனு எது எச்சின்னு யாரு கண்டா?"

பாதையின் படம் தொழுவத்துச் சுவரில் இருந்தது. வெள்ளையடித்த சுவரில் கரிக்கட்டையால் ஒரு நேர்கோடு, அதில் புள்ளி புள்ளியாக ஸ்டேஷன்கள். பசுவுக்கு முதுகு அரித்தால் அந்தச் சுவரில்தான் தேய்க்கும். மீனாட்சிபுரம் அழிந்துபோகும். இவர் பசுவைத் திட்டிக்கொண்டே மறுபடி வரைவார். அந்தக் கோடு சந்தையிலிருந்து புறப்பட்டு மணிமேடைக்குப் போகும் வழியில் எங்கள் வீட்டின் மேல் போயிற்று. அக்காள் ஒருநாள் அதைக் கவனித்துவிட்டாள்.

"இது நம்ம வீடுல்லா?"

"ஆமா."

"வீட்டுல எங்கன?"

"அடுக்களை."

"கொஞ்சம் அங்குட்டு நீக்கிப் போடப்பிடாதா? பக்கத்து வீட்டுக் கிணத்தாங்கரை சும்மாத்தானே கெடக்கு?"

"வளைஞ்சா வேகம் போச்சு" என்றார். கரிக்கோட்டில் ஒரு விரற்கடை. அதைக்கூட மாற்றவில்லை. அக்காள் அன்றைக்கு அடுப்பை மூட்டாமல் உட்கார்ந்துவிட்டாள். "ரெயிலு போற எடத்துல எப்பிடி ஒல வைக்க?" என்று கேட்டாள். அவர் கடையில் போய் அவல் வாங்கி வந்து, வெல்லமும் தேங்காயும் போட்டுப் பிசைந்து, எங்களுக்கும் கொடுத்துத் தானும் தின்றார். கோடு அப்படியே இருந்தது.

ஊருக்குள்ளும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேதி பரவிற்று. சிரித்தவர்கள்தான் அதிகம். ஆனால் நம்புகிற ஆட்களும் இருந்தார்கள் என்பதுதான் வேடிக்கை. மீனாட்சிபுரத்தில் பலசரக்குக் கடை வைத்திருந்த ஒருவர், ஸ்டேஷனைத் தன் கடைக்கு நேர் எதிரே கொண்டுவந்தால் நல்லது என்று நினைத்து, முற்றிய ஏத்தன்வாழைக் குலை ஒன்றை ஆள்மூலம் கொடுத்தனுப்பினார். ஒவ்வொரு காயும் முழங்கை நீளம். அக்காள் அதை அடுக்களை உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டாள். உப்பேரி வறுக்க எண்ணெய்கூடக் கடன் சொல்லி வாங்கியாயிற்று. ஷெட்டிலிருந்து வந்த அத்தான் குலையைப் பார்த்தார், விவரம் கேட்டார், தோளில் தூக்கினார், கொண்டுபோய்க் கடை வாசலில் இறக்கிவைத்துவிட்டு வந்தார்.

அக்காளுக்கு வந்த ஆத்திரம்! "கொலைய வாங்கி வச்சுக்கிட்டு ஸ்டேஷன அங்கன போட்டா என்ன கொறஞ்சா போவும்? இன்னிக்கு நாளைக்கு அங்க கல்லும் மண்ணுமா எறங்கப்போவுது?"

"வெத்தல அங்கன துப்பலல்லா" என்றார் அத்தான்.

அந்த வருஷங்களில் இன்னொரு பயமும் இருந்தது. நாங்கள் மதராஸோடு சேருவதா, திருவனந்தபுரத்தோடு இருப்பதா என்று ஊரே இரண்டுபட்டுக் கிடந்தது. ஊர்வலம், கடையடைப்பு, போலீஸ். வாயைத் திறக்கவே யோசிக்க வேண்டிய நேரம். சாயாக்கடையில் யாரோ அத்தானிடம் கேட்டார்களாம், "வே, ஒமக்க ரெயிலு திருநெல்வேலிக்கா, திருவனந்தபுரத்துக்கா?" கேள்வி ரயிலைப் பற்றியது இல்லை என்பது குழந்தைக்கும் தெரியும். ஏதாவது ஒரு ஊரைச் சொன்னால் ஒரு பக்கத்து ஆட்களாவது தோளில் கைபோடுவார்கள். இவர், "ரெண்டுக்குந்தான். ஒரு பக்கம் மட்டும் போனா திரும்பி வாற வண்டி எங்க நிக்கும்?" என்று சொல்லி வைத்தார். இரண்டு பக்கமும் முறைத்தார்கள்.

ஊர்வலம் வரப்போகிறது என்று போலீஸ் நின்ற ஒரு காலை, இவர் மணிமேடையில் கயிற்றை விரித்து அளந்துகொண்டிருந்தார். ஒரு மலையாளக் கான்ஸ்டபிள் வந்து, "தான் எந்தா செய்யுன்னது?" என்று கேட்டார்.

"ரெயிலுக்கு அளவெடுக்கேன்."

"ரெயிலோ? எவிடே ரெயில்?"

"வரும்" என்றாராம்.

நாங்கள் கேள்விப்பட்டபோது ஆளைக் கூட்டிக்கொண்டு போயிருந்தார்கள். அக்காளின் நகை எதை அடகு வைப்பது, யாரைப் போய்ப் பார்ப்பது என்று யோசித்து யோசித்து நான் தலையைச் சுவரில் சாய்த்துவிட்டேன். மத்தியானச் சோற்றுக்கு ஆள் தானே வந்து சேர்ந்தார். விசாரித்த அதிகாரி சிரித்து அனுப்பிவிட்டாராம். கயிற்றை மட்டும் திருப்பித் தரவில்லை. பக்கத்து வீட்டில் கயிறு இரவல் வாங்கித் தண்ணீர் கோரிக்கொண்டே அக்காள் சொன்னாள், "மனுசன விட்டுட்டான், கயித்த வச்சுக்கிட்டான். மாத்திச் செய்திருக்கப்பிடாதா அந்தப் போலீசுக்காரன்?"

இதுவரைக்கும் நடந்ததெல்லாம் சிரிக்கக்கூடியது. என் கல்யாணக் காரியத்தில் அவர் செய்ததற்கு எனக்குச் சிரிப்பு வர வெகுநாள் ஆயிற்று.

எனக்கு மாப்பிள்ளை பார்த்தது கொட்டாரத்துக்குப் பக்கத்தில் ஒரு ஊரில். ஒரு பெரிய குளத்துக்கு அந்தக் கரையில் இருந்தது அந்த ஊர். சொந்த நெல்வயல், நல்ல குடும்பம். என் பேருக்கு அப்பா விட்டுப்போனது கோட்டாறுக்கும் சுசீந்திரத்துக்கும் நடுவில் ஒரு துண்டு வயல். அதுதான் என் சீதனம். வேறு குண்டுமணி பொன் கிடையாது. மாப்பிள்ளையின் அப்பா வயலைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "வில்லங்கம் ஒண்ணும் இல்லைல்லா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றோம். கன்னிப்பூ என்கிற முதல் போக அறுப்பு முடிந்ததும், அந்த நெல்லை விற்று ஐப்பசியில் கல்யாணம் என்று பேச்சு.

வில்லங்கம் எங்கள் வீட்டுக்குள்ளேயே அவல் தின்றுகொண்டிருந்தது.

ஆனி மாதச் சாரலில் அத்தான் கோட்டாறிலிருந்து சுசீந்திரத்துக்குப் பாதை பிடித்திருக்கிறார். கயிறு போய்விட்டது அல்லவா, அதனால் கம்பு நட்டு, ஒரு கம்பிலிருந்து அடுத்த கம்பைப் பார்த்து நேர்கோடு பிடிக்கிற வித்தை. வழியில் இருந்த வயல் வரப்புகளில் எல்லாம் கம்பு. மற்றவர்கள் அன்றன்றே பிடுங்கி அடுப்பெரித்துவிட்டார்கள். எங்கள் வயல் வரப்பில் நட்ட நாலும் மட்டும் நின்றன. களை பறிக்கப் போனபோது நானும் அக்காளும் பார்த்தோம். மொட்டைக் கம்பு. யாரோ மாடு கட்ட நட்டிருக்கிறார்கள் என்று விட்டுவிட்டோம்.

அந்த மனுஷன் நட்டது பூவரசங்கம்பு. ஈர மண்ணில் குத்தினால் தளிர்க்கிற ஜாதி.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் இருந்தது. வயலில் பாத்தியதைச் சண்டை என்றால், உரிமை சொல்கிறவர் வரப்பில் இலையோடு ஒரு கொப்பை நட்டுவிடுவார். சண்டை தீர்கிற வரைக்கும் அந்த வயலில் யாரும் அரிவாள் வைக்க மாட்டார்கள். நட்டவர்தான் வந்து பிடுங்க வேண்டும். வேறு ஆள் தொட்டால் வழக்கு அவர் தலையில் விடியும்.

புரட்டாசிக் கடைசி. நெல் பழுத்துத் தலை சாய்ந்து நின்றது. வடகிழக்கில் மேகம் கட்டிக்கொண்டு வந்தது. அறுப்புக்காரர்கள் கொட்டாரம் பக்கத்திலிருந்து விடியக்காலம் வந்து இறங்கினார்கள். நானும் அக்காளும் கஞ்சிப் பானையோடு போய்ச் சேர்ந்தபோது ஒருவரும் வயலில் இல்லை. எல்லோரும் ரோட்டோரம் அரிவாளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வயல் வரப்பில் நாலு கம்பும் பச்சைப்பசேலென்று இலைவிட்டு, காற்றில் ஆடிக்கொண்டு நின்றன.

கூட்டத்தில் மூத்தவர் எழுந்து வந்தார். "தாயி, யாருக்க வழக்கு?"

"வழக்கா? ஒரு வழக்கும் இல்லியே" என்றாள் அக்காள்.

"வரப்புல நாலு கொப்பு நிக்கி. வழக்குக் கெடக்க வயல்ல அருவா வச்சா எங்க அருவாளுல்லா கோர்ட்டுக் கச்சேரிக்குப் போவும்?"

"அது கொப்பு இல்ல, ரெயிலு" என்றாள் அக்காள். சொன்ன பிறகுதான் அது எப்படிக் கேட்கிறது என்று அவளுக்கே தெரிந்தது. கூட்டத்தில் ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். அக்காள் வெறிபிடித்தவள் மாதிரி ஓடிப்போய் ஒரு கம்பில் கைவைத்தாள். மூத்தவர் தடுத்துவிட்டார். "நட்ட ஆளு பிடுங்கட்டும் தாயி. நாளைக்கு எங்களுக்குப் பதில் சொல்ல ஏலாது."

நான்தான் வடசேரிக்கு ஓடினேன். எதிரே வந்த மாட்டுவண்டியில் பாதி தூரம், மிச்சம் நடை. மேகம் என் தலைக்கு மேலேயே கூட வந்தது. ஷெட்டில் அத்தான் டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தார். மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னேன். "தளுத்துப்போச்சா!" என்றார். அதில் இருந்த சந்தோஷத்தைக் கேட்டு எனக்கு அழுகை வந்துவிட்டது. அதைப் பார்த்ததும் டிக்கெட்டைக் கீழே வைத்துவிட்டுக் கூட வந்தார்.

வந்த மனுஷன் கம்பைப் பிடுங்கினாரா? முதல் கம்பின் முன்னால் குனிந்து இலைகளை ஒவ்வொன்றாகக் கிள்ளத் தொடங்கினார்.

"அத்தான், என்ன செய்யுதிய?"

"எலதானே மக்கா தொந்தரவு? எலய எடுத்துட்டா வெறுங்கம்பு. வழக்கு இல்ல. பிடுங்கிட்டா இந்தக் கோட்ட மறுபடி பிடிக்கதுக்கு நான் கோட்டாத்துலேருந்து வரணும்."

அறுப்புக்காரர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். பழுத்த நெல்லுக்குப் பக்கத்தில் நின்று ஒரு ஆள் பூவரச இலை கிள்ளுகிறார், மேலே இடி முழங்குகிறது. அக்காள் அப்படியே வரப்பில் உட்கார்ந்து இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டாள். "எனக்க தங்கச்சிக்க வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்டிராதீங்க! பிடுங்கித் தொலைங்க!"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு பிடுங்கினார். பிடுங்கிய ஒவ்வொரு குழியிலும் ஒரு கல்லைப் போட்டு மிதித்துவிட்டுத்தான் அடுத்த கம்புக்குப் போனார். நாலாவது கல்லை மிதித்து முடித்தபோது மழையின் முதல் துளி விழுந்தது. பாதி வயல்தான் அறுக்க முடிந்தது. மீதி நெல் சாய்ந்து தண்ணீருக்குள் படுத்து முளைத்துவிட்டது.

அறுப்புக்காரர்கள் ஊருக்குத் திரும்பிப் போனார்களே, அவர்கள் ஊர் எது? மாப்பிள்ளை வீட்டுக்கு அடுத்த ஊர். இரண்டு நாளில் பதில் வந்தது ஆளாகவே. மாப்பிள்ளையின் அப்பா குடையை மடக்கிக்கொண்டு எங்கள் நடைக்குள் ஏறினார். நான் அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"வயல்ல வழக்குன்னு கேள்விப்பட்டேன். வரப்புல நாலு கொப்பு நின்னுதாம்."

"அண்ணாச்சி, அது வழக்கு இல்ல" என்று அக்காள் எல்லாவற்றையும் சொன்னாள். மதராஸிலிருந்து தொடங்கிச் சொன்னாள். சித்தப்பாவின் கண்வரை சொன்னாள். அவர் வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டார்.

"எனக்கு இத்தனை வயசாச்சு. வில்லங்கத்த மறைக்கதுக்கு எத்தனையோ சமாதானம் கேட்டிருக்கேன். இப்பிடி ஒண்ணு கேட்டதில்ல" என்றார்.

முடிந்தது என்று நினைத்தேன். வழக்குள்ள பெண் என்று பெயர் ஒரு தடவை விழுந்தால் அடுத்து எந்த வீட்டார் நடை ஏறுவார்கள்? அக்காளோ விடவில்லை. அவரைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்த் தொழுவத்துச் சுவரைக் காட்டினாள். நானும் பின்வாசலில் வந்து நின்றேன். அத்தான் பசுவை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டார். கரிக்கோடு அப்போது சுசீந்திரம் தாண்டிக் கன்னியாகுமரி வரைக்கும் நீண்டிருந்தது.

மாப்பிள்ளையின் அப்பா வெகுநேரம் பார்த்தார். மூக்குக்குக் கீழே ஒரு சிரிப்பு வந்தது போலிருந்தது.

"செரி வே. ரெயிலுன்னே வச்சுக்கிடுவோம். எங்க ஊரு எங்கன இருக்கு இதுல?"

அத்தான் கோட்டிலிருந்து ஒரு சாண் தள்ளிச் சுவரைத் தொட்டுக் காட்டினார். "இங்கன."

"ஸ்டேஷனு?"

"உங்க ஊருக்கு ஸ்டேஷன் கெடையாது."

அக்காள் அவரைப் பின்னாலிருந்து கிள்ளுவதை நான் பார்த்தேன்.

"சம்பந்தக்காரன் ஊரு வே. ஒரு புள்ளி போடும். போட்டீருன்னா நாளைக்கே வெத்தல பாக்கு மாத்திருவோம்."

"போட ஏலாது. இடையில கொளம் கெடக்கு. ரெயிலு கொளத்தச் சுத்தி வளையணும். வளைஞ்சா—"

"வேகம் போச்சு, வேகம் போச்சு! மண்ணாங்கட்டி!" என்று கத்தினாள் அக்காள். தரையில் கிடந்த கரிக்கட்டையை எடுத்து, அவர் காட்டிய இடத்தில் கொழுக்கட்டை அளவுக்கு ஒரு புள்ளி போட்டு, கோட்டை அங்கே வரைக்கும் வளைத்து இழுத்தாள். "இன்னா இருக்கு அண்ணாச்சி, உங்க ஸ்டேஷனு!"

அத்தான் தோளில் கிடந்த துவர்த்துத் துண்டை எடுத்தார். எச்சிலைத் தொட்டு அந்தப் புள்ளியைத் துடைத்தார். வளைவையும் துடைத்தார். துடைத்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல், கோட்டைப் பழைய மாதிரி நேராக இழுத்தார். அந்த நேரத்திலும் கோடு நேராகத்தான் விழுந்தது, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

மாப்பிள்ளையின் அப்பா வெற்றிலைச் சாற்றைத் தொழுவத்துக்கு வெளியே போய்த் துப்பிவிட்டு வந்தார். வாயைத் துடைத்துக்கொண்டார்.

"தங்கச்சி, வயல்ல வழக்கு இல்ல" என்றார்.

அக்காளுக்கு ஒன்றும் புரியவில்லை.

"கரியில வரைஞ்ச ரெயிலுக்கே ஒரு பொய் சொல்லமாட்டேங்கான். அதுவும் கல்யாணம் நிக்க நேரத்துல. இவனா நெசமான வயலுக்குப் பொய் சொல்லப்போறான்? நீ ஐப்பசியில நாள் பாரு." குடையை விரித்தவர் அத்தானைத் திரும்பிப் பார்த்து, "வே, கல்யாணத்துக்கு நீரு வாரும். ஆனா கம்பு கொண்டு வரண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பாதி நெல்லில் கல்யாணம் நடந்தது. அதனால் இரண்டு பாயசம் ஒரு பாயசம் ஆயிற்று. அத்தான் பந்தியில் பரிமாறினார். ஒரு முனையில் தொடங்கினால் மறு முனை வரைக்கும் நேராகப் போய்த்தான் திரும்புவார். நடுவில் யார் கூப்பிட்டாலும் நிற்க மாட்டார்.

எனக்குத் தலை நரைத்த பிறகு எங்கள் பக்கத்துக்கு ரயில் வந்தது. அத்தான் அதைப் பார்க்க இல்லை. வந்த ரயில் அவருடைய கோட்டில் வரவில்லை, அங்கங்கே நன்றாக வளைந்துதான் போகிறது. எங்கள் அடுக்களையும் தப்பித்தது. ஊருக்குள் ஸ்டேஷன் ஸ்டேஷனாக நிற்கவும் இல்லை. ஆனால் ஒரே ஒரு விஷயத்தில் அந்த மனுஷன் சொன்னது சொன்னபடி நின்றது. நான் வாழ்க்கைப்பட்டு வந்த ஊருக்கு மட்டும் ஸ்டேஷன் இல்லை. குளத்துக்கு அந்தப் பக்கம் இறக்கிவிட்டுவிட்டு ரயில் நேராகக் கன்னியாகுமரிக்குப் போய்விடுகிறது.

அன்றைக்கு அவர் அந்தப் புள்ளியை அழிக்காமல் விட்டிருந்தால் நான் இந்த ஊருக்கே வந்திருக்க மாட்டேன், எனக்குத் தெரியும். தெரிந்து என்ன? வடசேரிக்குப் போய் அக்காளைப் பார்த்துவிட்டு வரும்போதெல்லாம், அவள் கொடுத்துவிடுகிற தேங்காயும் மாவுமாகக் கனக்கிற பையை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றிக்கொண்டு, உச்சிவெயிலில் குளக்கரை ஓரமாக நடந்துதான் வீடு வந்து சேர்கிறேன். ரயிலுக்கு அவர் கொடுக்க மாட்டேன் என்ற வளைவு முழுவதையும் என் கால்கள்தான் வளைகின்றன. "ஒரு புள்ளிதானே அத்தான், ஒரே ஒரு புள்ளி" என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டுதான் வருகிறேன்.